லேட்டுக்கு ஓர் அன்புக் குழு

லேட்டு பள்ளிக்கூடத்துக்குத் தர வேண்டிய பாக்கி சரியாக முன்னூற்று எண்பத்தைந்து. ஒரு நாள் தாமதத்துக்கு ஐந்து வீதம் எழுபத்தேழு நாளைக்கு. ஐந்து என்றால் ஒரு ரொட்டியின் விலை. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி எழுபத்தேழு ரொட்டியை விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு திரிகிறாள் என்பதுபோல்தான் ஆபீஸ் கிளார்க் அவளைப் பார்ப்பார்.

லேட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, வாட்ச்மேன் வைத்தது. எட்டு மணிக்கு மணி அடித்ததும் அவர் இரும்புக் கேட்டை இழுத்துப் பூட்டுவார். எட்டு இருபதுக்கு அவள் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் பதிவேட்டைத் திறப்பார். பெயர், வகுப்பு, வந்த நேரம், காரணம், அபராதம் என்று ஐந்து கட்டம். காரணத்துக்கு விட்டிருந்த இடம் இரண்டு விரல் அகலம். அதில் ‘வீட்டு வேலை’ என்பதற்கு மேல் எதுவும் பிடிக்காது. தினமும் முழுப் பெயரை எழுதிக் கை ஓய்ந்துபோய் ஒரு நாள் அவர் ‘லேட்டு’ என்று மட்டும் எழுதினார். ஆபீசில் யாரும் ஏனென்று கேட்கவில்லை. பெயர் நிலைத்துவிட்டது.

தாமதமாக வந்தவர்கள் முதல் பீரியட் முடியும்வரை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது சட்டம். முதல் பீரியட் கணக்கு. எட்டாம் வகுப்பு ஜன்னல் கேட்டுப் பக்கம் திறந்திருந்ததால் அவள் அந்த வருஷத்துக் கணக்கைக் காதால் படித்தாள். விகிதம் பாதி கேட்டது. வட்டி, காற்று இந்தப் பக்கம் அடித்த நாட்களில் மட்டும் கேட்டது.

அவளைத் தாமதமாக்கியது என்ன என்பதை இரண்டு விரல் அகலத்தில் சொல்ல முடியாது. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஈரத்துணி மூட்டையோடு படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உயிர் போய்விட்டது. பதினாலு மாதம் ஆகிறது. அப்பா அதற்கு முன்பே வேறு ஊருக்கு வேலை தேடிப் போனவர், வேலையோடு ஒரு குடும்பத்தையும் தேடிக்கொண்டார். வீடு மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. லிப்ட் கிடையாது. கீழ் வீட்டுத் தையல்கார அக்கா மத்தியானம் ஒரு தடவை மூச்சு வாங்க ஏறி வந்து எட்டிப் பார்ப்பாள். மீதி எல்லாம் லேட்டுதான்.

குழாயில் ஆறு மணிக்குத்தான் தண்ணீர் வரும். நாலு வாளி மேலே ஏற்றியாக வேண்டும். பிறகு அம்மாவை ஒருக்களித்துத் திருப்பி, நனைந்த துணியை உருவி, துடைத்து, முதுகில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்த துணி விரித்து, பழையதை அலசிக் காயப்போட்டு, கஞ்சி வைத்து ஊட்ட வேண்டும். ஏழரைக்கு மாத்திரை. அந்த மாத்திரைதான் வில்லன். விழுங்கினால் அரைமணி நேரம் படுக்கக் கூடாது, படுத்தால் நெஞ்சு எரிந்து எல்லாம் மேலே வந்துவிடும். அம்மாவால் தனியாக உட்கார முடியாது. சாய்த்து வைக்க நாற்காலி வாங்கக் காசில்லை. அதனால் கட்டிலில் அம்மாவை உட்காரவைத்து, அவள் முதுகோடு தன் முதுகை ஒட்டிக்கொண்டு லேட்டு உட்காருவாள். ஒரு சுவர் வேலையை ஒரு பிள்ளை பார்த்தது. மடியில் நோட்டை வைத்துக்கொண்டு வீட்டுப் பாடம் எழுதுவாள். எட்டு மணிக்கு அம்மாவைப் படுக்கவைத்துவிட்டு ஓடினால் எட்டு இருபதுக்குக் கேட்.

வருஷப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தபோது, பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பரீட்சை எழுதாவிட்டால் ஒன்பதாம் வகுப்பு இல்லை. அன்று மாலைதான் கணக்கு டீச்சர் அவளை வராந்தாவில் நிறுத்தினார்.

கணக்கு டீச்சர் நல்லவர். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. கெட்டவராக இருந்திருந்தால் லேட்டு வாயைத் திறந்திருக்க மாட்டாள். காலையில் அப்படி என்னதான் செய்கிறாய் என்று டீச்சர் தோளில் கை வைத்துக் கேட்டதும், பதினாலு மாதமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் கொட்டிவிட்டாள். டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“உனக்கு என்னம்மா வேணும், சொல்லு.”

“இருபது நிமிஷம் டீச்சர். எட்டு இருபதுக்குக் கேட்டைத் திறந்துவிட்டா போதும்.”

“இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாளா வெளியில நின்னே?”

மனதில் இருப்பதை ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதிக் கொடு, நான் மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவேன், எழுதினால் பாரம் குறையும் என்றார் டீச்சர். லேட்டு மூன்று காலை அதை எழுதினாள், முதுகை அம்மா முதுகில் ஒட்டிக்கொண்டே. என்னடி எழுதுகிறாய் என்று அம்மா பின்னாலிருந்து கேட்டபோது, கணக்கு என்று சொன்னாள். ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னார்கள் என்பதால், ஒன்றுவிடாமல் எழுதினாள்.

டீச்சர் அதை வாங்கிப் படித்தார். அழுதார். கிழிக்க மறந்துவிட்டார்.

இந்த இடத்தில் ஹெட்மாஸ்டர் அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தச் சுவரில் பசுமைப் பள்ளி, தூய்மைப் பள்ளி, புன்னகைப் பள்ளி என்று மூன்று சான்றிதழ்கள் சட்டம் போட்டுத் தொங்கின. நாலாவதாக ஒரு ஆணி அடித்துத் தயாராக இருந்தது. மாட்டத்தான் ஒன்றுமில்லை. ‘பராமரிப்பாளர் நேயப் பள்ளி’ என்று புதிதாக ஒரு சான்றிதழ் தருகிறார்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஆதரவு தரும் பள்ளிகளுக்கு என்று சுற்றறிக்கை வந்திருந்தது. ஆதரவு தர அவர் எப்போதோ தயார். பிள்ளைதான் கிடைக்கவில்லை. பக்கத்துப் பள்ளியில் நாலு பேர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நேரத்தில் கணக்கு டீச்சர் தாளோடு உள்ளே போனார். இருபது நிமிடம் கேட்கத்தான் போனார், பொய் சொல்லக் கூடாது. வெளியே வரும்போது ஒருங்கிணைப்பாளராக வந்தார். தனி மேசையும் மேசை விசிறியும் கொடுத்துவிட்டார்கள்.

அன்புக் குழு அமைக்கப்பட்டது. ஹெட்மாஸ்டர் தலைவர், கணக்கு டீச்சர் ஒருங்கிணைப்பாளர், கிளார்க் பொருளாளர், பி.டி. மாஸ்டர் ஓய்வுத் துறைப் பொறுப்பாளர், இன்னும் மூன்று ஆசிரியர்கள். பயனாளியின் குரல் கேட்கப்பட வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்ததால் லேட்டும் உறுப்பினர். வகுப்புகள் பாதிக்கப்படக் கூடாது என்று கூட்டத்தைக் காலை ஏழரைக்கு வைத்தார்கள். பயனாளியின் குரல் அந்த நேரத்தில் கட்டிலில் சுவராக இருந்தது. குழுக் கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்குப் பத்து அபராதம் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டிருந்தார்கள். மூன்று கூட்டத்துக்கு முப்பது ஏறியது.

இரண்டாவது கூட்டத்தில் இருபது நிமிட விஷயம் வந்ததாம். கணக்கு டீச்சர்தான் எழுப்பினார். ஹெட்மாஸ்டர் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதில் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: “இந்தக் குழுவுக்கு அன்பு காட்டத்தான் அதிகாரம் உண்டு. கேட் வேறு துறை.”

அடையாளம் காணும் படிவம் ஒன்று வந்தது. அம்மாவால் நடக்க முடியாது என்பதற்கு அம்மாவே நேரில் ஆபீசுக்கு வந்து, கிளார்க் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீஸ் இரண்டாவது மாடி. லேட்டு அதைப் படித்துவிட்டு கிளார்க்கிடம் போய் நின்றாள். அவங்களால வர முடியாதே சார் என்றாள்.

“வர முடியாதுன்னு யார் சொல்றது?”

“நான்தான் சார்.”

“நீ சொல்றதை எப்படிம்மா எடுத்துக்கிறது, நீதானே பயனாளி. அவங்க வந்து சொல்லட்டும், வர முடியலைன்னு.”

அவள் சிறிது நேரம் யோசித்துப் பார்த்தாள். யோசிக்க யோசிக்க அவர் சொல்வதில் ஓட்டை எதுவும் இல்லாததுபோல் தெரிந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பிறகு பேட்ஜ். ஆசிரியர்கள் அவளை யாருக்கும் தெரியாமல் அடையாளம் கண்டு அன்பாக நடந்துகொள்ள வசதியாக, உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் பேட்ஜ் செய்தார்கள். ‘நான் பராமரிப்பாளர், என்னிடம் அன்பாக இருங்கள்’ என்று எழுதி, மேலே ஒரு இதயம். காலையில் அதைக் குத்திக்கொண்டு போனாள். இடைவேளைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. உங்கம்மாவுக்கு நீதான் கழுவி விடுவியாமே என்று ஒருத்தி கேட்டாள். தண்ணீர்க் குழாயடியில் இன்னொருத்தி தன் கிளாசை இவள் கிளாசிலிருந்து நகர்த்தி வைத்தாள். லேட்டு பேட்ஜைக் கழற்றிக் கழிவறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பேட்ஜைத் தொலைத்ததற்குப் பதினைந்து.

நமக்குள்ளேயே இருக்குமென்று நினைத்தேனே டீச்சர் என்று அவள் கேட்டபோது, நமக்குள்ளேதாம்மா இருக்கு, பள்ளிக்கூடம்னா நாம எல்லாரும்தானே என்றார் கணக்கு டீச்சர். மேசை விசிறி அவர் தலைமுடியை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த பிரச்சினை எண்ணிக்கை. பக்கத்துப் பள்ளியில் நாலு, இங்கே ஒன்று. வகுப்பு வகுப்பாகத் தேடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். ஆறாம் வகுப்பில் ஒரு பையனின் பூனைக்குக் கால் உடைந்திருந்தது. சேர்த்தார்கள். அப்பாவுக்கு ஜலதோஷம் என்று அண்ணன் தம்பி இருவரைச் சேர்த்தார்கள். மீன்தொட்டி வைத்திருந்த பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் விவாதம் நடந்தது. மீன் நோய்வாய்ப்பட்டதா என்று பார்த்துச் சொல்லும்படி அறிவியல் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டு அவளையும் சேர்த்தார்கள். ஒரே வாரத்தில் பதினோரு பராமரிப்பாளர்கள். மற்ற பத்துப் பேரும் காலை ஏழரைக்குக் கூட்டத்துக்கு வந்தார்கள், குரல் கொடுத்தார்கள், கொடுத்த பிஸ்கட்டைத் தின்றார்கள். பூனைக்காரன் செயலாளர் ஆனான். லேட்டின் பெயருக்கு எதிரே ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் மூன்றரையிலிருந்து நாலரை வரை கட்டாய ஓய்வு என்று வந்தது. பராமரிப்பாளர்கள் களைத்திருப்பார்கள், களைப்பைப் பள்ளி போக்கும் என்று ஏற்பாடு. பி.டி. மாஸ்டர் அவர்களை வரிசையாக உட்காரவைத்து, முதல் விசிலுக்கு மூச்சை இழுக்க வேண்டும், இரண்டாவது விசிலுக்கு விட வேண்டும், நடுவில் விடுகிறவன் எழுந்து மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும் என்றார். பூனைக்காரன் இரண்டு சுற்று ஓடினான். லேட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் தையல்கார அக்கா திருப்பிப் போட்ட பிறகு அம்மா அதே பக்கம் கிடப்பாள். அன்று வீட்டுக்குப் போனபோது அம்மாவின் இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது. எங்கடி போனே என்று அம்மா கேட்டாள். ஓய்வெடுக்கப் போனேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் மணி அடித்ததும் ஓடிவிட்டாள். ஓய்வெடுக்கத் தவறியதற்கு மூன்று ஐந்து பதினைந்து.

சான்றிதழுக்கான இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு வாரம் முந்தி, குழு வீட்டுக்கு வந்தது. ஏழு பேர். அறை ஐந்து பேரைத்தான் கொண்டது. இரண்டு பேர் படியில் நின்று, உள்ளே நடப்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். ஹெட்மாஸ்டர் படிவத்தைப் பிரித்து, ‘சுமையின் தன்மை’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“நான்தாங்க சுமை,” என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. “எழுதிக்குங்க. உட்காருங்க. உட்கார ஒண்ணும் இல்லை, நில்லுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்டார். ஆளுக்கு ஒரு படம் எடுத்தார்கள், வாளியோடு ஒன்று, கட்டிலோடு ஒன்று, வாளியும் கட்டிலும் சேர்ந்து வர ஒன்று. மாத்திரையை ஐந்து மணிக்கே கொடுத்துவிட்டால் என்ன என்று ஓர் ஆசிரியர் கேட்டார். தண்ணீர் ஆறு மணிக்குத்தான் வரும் என்றாள் லேட்டு. அப்படியானால் தண்ணீர்த் துறைக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பலாம் என்று எழுதிக்கொண்டார்கள். எதற்கு நன்றி என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்க நேரமும் இல்லை.

கிளார்க் நாலு தாளை நீட்டினார். நேரில் வர முடியாதவர்களுக்காகப் பள்ளியே நேரில் வந்திருக்கிறது, கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

“எதுக்குங்க நாலு?” என்று கேட்டாள் அம்மா.

“ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு இன்ஸ்பெக்ஷனுக்கு, ஒண்ணு பைலுக்கு. ஒண்ணு, எதுக்கும் இருக்கட்டும்னு.”

அம்மா நாலிலும் மளமளவென்று போட்டுக் கொடுத்தாள். படிக்கத் தெரியாதவள் அல்ல. பதினைந்து வருஷம் சலவைக்கூடத்தில் மூட்டை இறக்கிய பழக்கம் அது. வண்டிக்காரர் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்பார், முதலில் சீட்டில் கையெழுத்து, வண்டி போன பிறகு மூட்டையைப் பிரித்துத் துணியை எண்ணுவது. குறைந்தால் மறுநாள் சீட்டில் எழுதிக் கழித்துக்கொள்ளலாம். அந்தத் தொழிலில் யாரும் யாரையும் அதில் ஏமாற்றியதில்லை. இவர்களும் படியில் இறங்க அவசரப்பட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டாள்.

இன்ஸ்பெக்ஷனுக்காகப் பள்ளியில் நடத்திய விழா அன்று, பயனடைந்தவர் மேடையில் இருந்தால் கூடுதல் ஐந்து மதிப்பெண் என்பதால், பி.டி. மாஸ்டர் நாலு வாலிபால் பையன்களை அனுப்பி அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து மூன்று மாடி இறக்கினார். பதினாலு மாதத்தில் அம்மா வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. நல்ல உடுப்பாக எடுத்து உடுத்திக்கொண்டு, தெரு முழுக்கத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ரொட்டிக்கடைக்குப் பெயிண்ட் அடிச்சிட்டாங்களா என்று கேட்டாள். லேட்டு நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். பிள்ளைக்காக இவ்வளவு பண்றாங்களே என்று அம்மா சொன்னாள். அந்த நாற்காலியை வீட்டிலேயே விட்டுவிடுவார்களா என்றும் கேட்டாள். ஆபீஸ் நாற்காலி, விட மாட்டார்கள் என்றான் ஒரு பையன்.

ஹெட்மாஸ்டர் பேசினார். இன்ஸ்பெக்டர் முன் வரிசையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

“இப்படி ஒரு குழந்தை நம்மிடையே இருப்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு எழுபத்தேழு நாள் ஆயிற்று. எழுபத்தேழு நாளும் அவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினோம். நிறுத்தியதால்தான் கண்ணில் பட்டாள். உள்ளே விட்டிருந்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் படித்துக்கொண்டு போயிருப்பாள், நாங்கள் கவனித்திருக்கவே மாட்டோம். அன்பை முதலில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத அன்புக்கு மதிப்பெண் கிடையாது என்பது இன்ஸ்பெக்டர் அய்யாவுக்குத் தெரியும். இந்த மேடையில் அறிவிக்கிறேன், இந்த மாணவியின் பாக்கி முழுவதும் தள்ளுபடி. நான் சொன்ன சொல் தவறியதில்லை.”

கைதட்டினார்கள். லேட்டுக்கு மடமடவென்று மனதில் ஓடியது ஹால் டிக்கெட் ஒன்றுதான். அம்மா கையைத் தட்டிவிட்டு, தட்டிய கையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து, ‘பராமரிப்பாளரின் வாக்குமூலம்’ என்று அறிவித்தார்கள். அதற்குப் பத்து மதிப்பெண். லேட்டு தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எழுந்தாள். ஆனால் மைக் அருகே போனது கணக்கு டீச்சர். கையில் நாலாக மடித்த தாள். அதன் ஓரத்தில் இருந்த கஞ்சிக் கறையை லேட்டு தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள்.

டீச்சர் நன்றாக வாசிப்பார். துணி மாற்றுவதை வாசித்தார், நாற்றத்தை வாசித்தார், அம்மா வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொள்வதை வாசித்தார். கூட்டத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் குடித்து, மேலே வாசித்தார்.

“‘சில நாள் காலையில் எழுந்ததும் பார்ப்பேன். இன்றைக்கு அம்மா கண் திறக்காமலே இருந்துவிட்டால் நான் முதல் பீரியடுக்குப் போய்விடலாமே என்று தோன்றும். பிறகு கண் திறப்பாள்.’”

ஒலிபெருக்கி நல்ல கம்பெனிச் சாமான். கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா அசையாமல் இருந்தாள். அவளால் எழுந்து போகவும் முடியாது, நாலு பையன்கள் வந்தால்தான் உண்டு. அவர்கள் பின்னால் பிஸ்கட் வாங்கப் போயிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பத்துக்குப் பத்துப் போட்டார்.

படி இறங்கும் இடத்தில் லேட்டு டீச்சரைப் பிடித்தாள். கிழிச்சிடுவேன்னு சொன்னீங்களே டீச்சர் என்றாள்.

“உனக்காகத்தாம்மா படிச்சேன். பாத்தியா, எல்லாரும் எப்படி அழுதாங்க,” என்றார் டீச்சர். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, பொய்யில்லை. அழுதுகொண்டே போய் இன்ஸ்பெக்டருடன் படம் எடுக்க நின்றார்.

மறுநாள் காலை ஏழரைக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு அம்மா வழக்கம்போல முதுகைக் கொடுத்தாள். முந்தின மாலையிலிருந்து இரண்டு பேரும் பேசியிருக்கவில்லை. இப்படி உட்கார்ந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கால்மணி நேரம் போயிருக்கும்.

“எனக்கும் தோணும்டி,” என்றாள் அம்மா. “நீ வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு ஓடுறப்பல்லாம் தோணும். அதே கணக்குதான்.”

முதுகு குலுங்கியது. யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

சான்றிதழ் வந்தது, ஆணியில் ஏறியது. மூன்று வருஷத்துக்குச் செல்லும், நடுவில் சோதனை இல்லை. பக்கத்திலேயே ஹெட்மாஸ்டர் அடுத்த ஆணியை அடிக்கச் சொன்னார். ‘நேரந்தவறாப் பள்ளி’ என்று இன்னொரு சான்றிதழ் அறிவித்திருந்தார்கள். கிளார்க் கணக்குப் போட்டுப் பார்த்ததில், எட்டு மணிக்குள் வராத பிள்ளை பள்ளிக்கூடம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தள்ளுபடி ஆயிற்றா என்று லேட்டு ஆபீசில் கேட்கப் போனபோது, படிக்கிற பிள்ளைக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்ய விதியில் இடமில்லை, பெயர் நீங்கியவர்களுக்குத்தான் உண்டு என்றார் கிளார்க். அப்படியானால் மேடையில் சொன்னது என்று கேட்டாள். அவர் உள்ளே கையைக் காட்டினார்.

ஹெட்மாஸ்டர் அவளை உட்காரச் சொன்னார். அந்த அறையில் மாணவி யாரையும் அவர் உட்காரச் சொன்னதில்லை.

“உன்னைப் பத்தி நான் நிறைய யோசிச்சேன்மா. உன் தலையில ரெண்டு சுமை இருக்கு. ஒண்ணு அம்மா, ஒண்ணு பள்ளிக்கூடம். ஒரு குழந்தைக்கு ரெண்டு சுமை அநியாயம். ஒண்ணை இறக்கணும். அம்மாவை இறக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. எங்க கையில இருக்கிறதை நாங்க இறக்கிட்டோம். பாக்கியும் தள்ளுபடி ஆயிடும். நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தணும் இல்லையா?”

மேசைமேல் நாலாவது தாள் இருந்தது, எதுக்கும் இருக்கட்டும் என்று வாங்கியது. ‘என் மகளின் சுமையைக் குறைக்கப் பள்ளி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் சம்மதிக்கிறேன்.’ கீழே அம்மாவின் கையெழுத்து, வண்டிக்காரரைக் காக்கவைக்காத வேகத்தில். அதை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டாள். தாராளமாக, அம்மா நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். வாலிபால் பையன்களை அனுப்புவீர்களா என்று கேட்டாள். அவர்களுக்கு மேட்ச் இருக்கிறது என்றார் ஹெட்மாஸ்டர், உண்மையான வருத்தத்தோடு.

வீட்டில் அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எண்ணிக்கலாம்னுதான்டி இருந்தேன்,” என்றாள். தையல்கார அக்கா, நான் போய்ச் சண்டை போடுகிறேன் என்று கிளம்பிப் போய், கேட்டுக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகும்படி கிளார்க் சொல்லியனுப்பிய காலையில், லேட்டு வழக்கம்போல எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தாள். வாட்ச்மேன் பூட்டைத் திறந்து கேட்டை அகலத் தள்ளினார். அவள் தயங்கி நின்றாள்.

“வா பாப்பா. உன் பேரை எட்டு மணிக்கே ரிஜிஸ்டர்லேர்ந்து எடுத்தாச்சு. இப்ப நீ விசிட்டர். விசிட்டருக்கு எந்நேரமும் திறக்கலாம்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்போ விசிட்டரா முதல் பீரியட்ல கொஞ்ச நேரம் உட்காரலாமா அண்ணா?”

அவர் நிஜமாகவே யோசித்தார். “அதுக்கு ஸ்டூடன்டா இருக்கணுமே,” என்றார்.

எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர் நடத்திக்கொண்டிருந்தார். ஜன்னலைத் தாண்டும்போது அவர் குரல் ஒரு நொடி நின்றது, பிறகு தொடர்ந்தது. லேட்டு திரும்பிப் பார்க்காமல் மாடி ஏறினாள்.

கிளார்க் பாக்கிப் பேரேட்டை விரித்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தார். மொத்தம் ஐந்நூற்று எழுபத்தைந்து, தள்ளுபடி பெற்றுக்கொண்டதற்கு இங்கே ஒரு கையெழுத்து என்றார். லேட்டு பேனாவை வாங்கவில்லை. பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, மேலிருந்து விரல் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். பழையது முன்னூற்று எண்பத்தைந்து. பிறகு தாமதம் இருபத்தைந்து நாள், நூற்று இருபத்தைந்து. கூட்டம் முப்பது, பேட்ஜ் பதினைந்து, ஓய்வு பதினைந்து.

“அஞ்சு கூட இருக்கு சார்.”

எப்படியும் தள்ளுபடிதானே, அதில் என்ன என்றார் கிளார்க். அவள் நகரவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை கூட்டினார், மறுபடி கூட்டினார். பிறகு ஐந்நூற்று எழுபத்தைந்தை அடித்து ஐந்நூற்று எழுபது என்று திருத்தி, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.

லேட்டு தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். கிளார்க் மை காயும்வரை ஊதிவிட்டு, ஐந்நூற்று எழுபதின் குறுக்கே ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘தள்ளுபடி’ என்று எழுதிப் பேரேட்டை மூடினார்.